மூணு கண்ணுப் பூச்சி

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். கட்டில்லயே உக்காருங்க. தொட்டி மேல நெழல் விழாமப் பாத்துக்கங்க. நெழல் விழுந்தா அடியில போய்ப் பதுங்கிரும், மேல வர அரை மணி நேரம் ஆகும்.

டீக்கடையில விசாரிச்சீங்களா? பூச்சிக்காரன் வீடுன்னு சொல்லியிருப்பாங்க. இருபத்திரண்டு வருசம் குவாரியில வெடி வச்சவன் நான். இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லு நான் ஒடச்சது. வெடிக்காரர் அடைக்கலம்னா புதுக்கோட்டை வரைக்கும் தெரியும். இப்பப் பூச்சிக்காரன். சொல்லிட்டுப் போகட்டும்.

இதுதான் நீங்க தேடி வந்தது. பாருங்க. முன்பாதி ஆமை ஓடு, பின்பாதி பூரான், வாலுக்கு ரெண்டு நூலு. தலைமேல ரெண்டு கண்ணு ஒட்டினாப்ல இருக்கா? அதுக்கு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவும் கண்ணுதான். நீங்க சொன்ன பேரு எனக்கு வாயில நுழையல. எங்களுக்கு மூணு கண்ணுப் பூச்சி.

எழுதிக்கிறீங்களா? எழுதுங்க. பூச்சி சமாச்சாரத்த மட்டும் எழுதிக்கங்க. மத்தது நடுவுல வரும், அத விட்ருங்க.

கூகைப்பாறைன்னு ஒரு மலை இருந்துச்சு. மலைன்னா பெருசில்ல, நாலு தென்னமர ஒசரம். இப்பப் போய்ப் பாத்தீங்கன்னா பள்ளம்தான் இருக்கு, பச்சைத் தண்ணி நிக்குது. அந்தப் பாறை உச்சியில ரெண்டு சுனை. பெரிய சுனை ஒரு மாட்டுவண்டி அகலம், முழங்கால் ஆழம். சின்ன சுனை அதுல பாதி. தை பொறந்தா ரெண்டும் வத்திரும். ஆடி மாசம் அதுக்குள்ள நான் செருப்புக் காலோட நடந்திருக்கேன், வெறும் வெடிச்ச மண்ணு. அப்புறம் ஐப்பசியில மழை. தண்ணி நின்னு பதினஞ்சு நாள் இருக்கும், சாப்பிட்டுட்டு டிபன் பாக்ஸக் கழுவப் போனேன். நாலு பருக்கை தண்ணியில விழுந்துச்சு. அடியிலேர்ந்து ஒண்ணு வந்துச்சு, மல்லாக்கப் படுத்துக்கிட்டு. வயித்துல அத்தன காலும் அலையடிக்கிற மாதிரி ஆடுது. பருக்கையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கீழ போயிருச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் வேலைக்கு எறங்கல.

எங்கேர்ந்து வந்துச்சு? ஆறு கிடையாது, கொளம் கிடையாது, பாறை உச்சி. யாரக் கேட்டாலும் மழையில விழுந்திருக்கும்னாங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். காஞ்ச மண்ண ஒரு டப்பாவுல அள்ளி வச்சிருந்து, அடுத்த வருசம் வீட்ல தண்ணி ஊத்தினேன். மூணாம் நாளு, தூசி மாதிரி துள்ளுது. முட்டை மண்ணுக்குள்ளயே கெடக்குது மேடம். வருசக்கணக்கா கெடக்கும். நீங்க புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நான் பாத்தவன்.

அப்ப எம் பொஞ்சாதி இருந்தா. செகதாம்பாள்னு பேரு, நான் செகதான்னு கூப்பிடுவேன். புள்ள இல்ல எங்களுக்கு. தொட்டி வாங்கிட்டு வந்தப்ப அவளுக்கும் ஆசைதான். தவிடு போடுவா, கருவாட்டுத் தூள் போடுவா. ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தப்ப தண்ணி கலங்கியிருக்குன்னு கொழாத் தண்ணிய மாத்தி ஊத்திட்டா. கொழாத் தண்ணியில மருந்து கலந்திருக்குமில்ல? நான் வந்து பாக்குறேன், பதினோரு பூச்சி, அத்தனையும் மெதக்குது. ஒரு அறை விட்டேன். ஒண்ணுதான். அது பெரிய விசயமில்ல, வீட்ல நடக்குறதுதான். அப்புறம் நானே மேலேர்ந்து சுனைத் தண்ணிய கேன்ல சுமந்து வந்தேன், ரெண்டு கேன், அந்தச் சரிவுல. அத யாரும் பேச மாட்டாங்க.

நீங்க கேட்டீங்கள்ல, ஒண்ணயொண்ணு திங்குமான்னு. திங்கும். அத நான் நெறையப் பாத்திருக்கேன். இது வளர வளர ஓட்டக் கழட்டும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. உரிச்ச உடனே மேலு மெத்துன்னு இருக்கும், ஓடவும் முடியாது. அந்த நேரத்துல பக்கத்துல இருக்குறது சும்மா இருக்காது. வால்லேர்ந்து ஆரம்பிக்கும். வாலு போயிரும், பின்னங்காலு போயிரும், முன்பாதி அப்பவும் நீந்திக்கிட்டிருக்கும். ஒரு தடவ ஏழு விட்டேன். ஒரு மாசத்துல ஒண்ணுதான் மிச்சம். தடியா, பளபளன்னு. செகதா அதப் பாக்கவே மாட்டா. தனித்தனியா விடுங்களேன்னு அழுவா. அதுக்கு எதுக்கு அழணும்? அது அதோட கொணம். கோவம் கிடையாது, பகை கிடையாது, பசி. நான் ஸ்டூலப் போட்டு உக்காந்து பாப்பேன். கை விட்டுப் பிரிச்சு விட்டதே இல்ல.

இப்ப உடையப்பன் சமாச்சாரத்துக்கு வரணும். வராம முடியாது, ஏன்னா சின்ன சுனை அவனாலதான் போச்சு.

உடையப்பன் செகதாவுக்குத் தம்பி, என் மச்சினன். வேலையில்லாம சுத்திக்கிட்டிருந்தான், நான்தான் குவாரிக்குக் கூட்டிட்டு வந்தேன். கம்ப்ரஸர் ஓட்டுவான், துளை போடுவான், அந்தத் துளையில நான் வெடி மருந்து வைப்பேன். நல்ல கை அவனுக்கு. மாமா மாமான்னு வருவான். இந்தப் பூச்சிய மட்டும் கிண்டல் பண்ணுவான். எங்க அக்காவக் கட்டினது பத்தாதுன்னு இதையும் கட்டிக்கிட்டீங்களான்னு எல்லாரும் இருக்கையில கேப்பான். நானும் சிரிப்பேன். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

மூணாம் வருசம் மேஸ்திரி உச்சிய எடுக்கணும்னாரு. நான் போய்க் கேட்டேன். வாழ்க்கையில யாருகிட்டயும் நான் எதையும் கேட்டதில்ல மேடம், அன்னைக்குக் கேட்டேன். தண்ணி வத்துற வரைக்கும் பொறுங்க, கீழ்த்தட்டுல கல்லு இருக்கு, அத எடுத்துருவோம், வத்தினதும் மண்ண அள்ளிக்கிறேன், அப்புறம் உச்சிய எடுத்துக்கங்கன்னு. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. சரின்னாரு. பூச்சிக்காக உச்சிய விட்டு வச்சாங்கன்னா அது என்னாலதான்.

ஒரு வாரம் இருக்கும். அன்னைக்கு டேங்கர் தண்ணி வரல. துளை போடையில தூசி அடங்கத் தண்ணி வேணும். உடையப்பன் என்ன பண்ணினான், மோட்டாரத் தூக்கிட்டுப் போய் ஓஸ் பைப்பச் சின்ன சுனையில போட்டான். நான் மருந்து வாங்கப் போயிட்டு வந்து பாக்குறேன், சுனை காலி. சேத்துல நாலஞ்சு துடிக்குது. மீதியெல்லாம் மோட்டாருக்குள்ள போயி, கூழா ஓஸ் வழியா பாறை மேல ஓடிக்கெடக்குது. முட்டையோட. காலுக்கு நடுவுல செவப்பா முட்டை வச்சிருக்கும் பாருங்க, அந்தச் செவப்பு.

அவன் சிரிச்சான். சிரிக்கல, வெயிலுக்குக் கண்ணச் சுருக்கினான்னு மத்தவங்க சொல்றாங்க. நான் பாத்தேன், சிரிச்சான். துளைக் கம்பி ஒண்ணு கெடந்துச்சு, ஓரடி நீளம், ஒடஞ்ச துண்டு. எடுத்தேன், அடிச்சேன். எடது பக்கம், காதோரம். முட்டி போட்டு உக்காந்துட்டான். காதுலேர்ந்து ரத்தம், கழுத்து வழியா எறங்கிச் சட்டையெல்லாம். அவன் என்ன மாமான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் இன்னும் ரெண்டு போட்டேன், முதுகுல. மேஸ்திரிதான் வந்து பிடிச்சாரு.

ஆஸ்பத்திரியில கல்லு தெறிச்சதுன்னு எழுதிக்கிட்டாங்க. அவனே அப்படிச் சொன்னான், அக்கா புருசனாச்சேன்னு. அந்தக் காது போயிருச்சு. சுத்தமா. இன்னொரு காதுலயும் கம்ப்ரஸர் சத்தத்துல முன்னாடியே பாதிதான். பக்கத்துல நின்னு பேசினாத்தான் கேக்கும்னு ஆயிருச்சு. அது என் தப்பா? கம்ப்ரஸர்காரங்க எல்லாருக்கும் காது போகும், நீங்க யார வேணாலும் கேளுங்க.

பத்து நாள் கழிச்சுக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்திருக்கான். நான் இல்ல. செகதா கதவத் திறந்து விட்டிருக்கா, தம்பியாச்சே. அம்மிக் குழவியத் தூக்கித் தொட்டியில போட்டுட்டான். நான் வரையில வீடு பூரா தண்ணி, கண்ணாடி. இவ வெளக்குமாத்த வச்சுக்கிட்டு நிக்கிறா. ஒன்பது பூச்சி இருந்துச்சு, ஒண்ணுகூட இல்ல. நீ ஏன் கதவத் திறந்தன்னு கேட்டேன். அவன் அழுதுக்கிட்டே வந்தான்னு சொன்னா. அவனுக்குப் பரிஞ்சு பேசுறா. கை நீட்டினேன். நான் நெனச்ச எடத்துல படல, வாயில பட்டுருச்சு. முன்பல்லு ஒண்ணு விழுந்துச்சு. அந்தப் பல்லயும் கண்ணாடித் துண்டோட சேத்துக் கூட்டி அள்ளினா மேடம். அதுதான் எனக்கு இன்னும் கோவத்தக் கிளப்புச்சு.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கீழ்த்தட்டுல வெடி. பதினாலு துளை. உடையப்பன் வேலைக்கு வந்திருந்தான், ஆனா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. காலையிலேர்ந்து மூட்டம் போட்டிருந்துச்சு. சாதாரணமா வெடிக்கு முன்னாடி ஒரு ஆளு செவப்புக் கொடியோட உச்சிக்குப் போயி யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வரணும். கொடிக்காரன் அன்னைக்கு லீவு. நான் மருந்து வச்சேன், வயரு இழுத்தேன், லாரிக்குப் பின்னால போனேன். விசில் ஊதினேன். மூணு தடவ, நீளமா. அஞ்சு பேரு சாட்சி இருக்காங்க. விசில் ஊதி முப்பது எண்ணணும், எண்ணினேன். ஒண்ணு ரெண்டுன்னு, அவசரப்படாம. பொத்தான அமுக்கினேன்.

கல்லு நல்லா ஒடஞ்சுச்சு. அப்புறம்தான் மேலேர்ந்து சத்தம் கேட்டுச்சு.

பெரிய சுனை ஓரத்துல உடையப்பன் கெடந்தான். ஒரு கல்லு, நம்ம தவலை அளவு இருக்கும், மேல எழும்பி வந்து வலது காலு மேல விழுந்திருக்கு. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வேட்டியக் கிழிச்சு நான்தான் கட்டினேன். நான்தான் தோள்ல போட்டுக் கீழ கொண்டாந்தேன், மேடம். இந்தத் தோளு. எறங்கி வர்ற வரைக்கும் அவன் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தான், என் சட்டைக் காலரப் பிடிச்சுக்கிட்டு. திருச்சிக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத் தொடையோட எடுத்துட்டாங்க.

போலீசு வந்துச்சு, அதிகாரிங்க வந்தாங்க. விசில் ஊதினியா, ஊதினேன். எண்ணினியா, எண்ணினேன். விபத்துன்னு முடிச்சாங்க. எனக்கு வெடி வைக்கிற அனுமதிச் சீட்டு போயிருச்சு, கொடிக்காரன் இல்லாம வெடிச்சேன்னு. இருபத்திரண்டு வருசத்துல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு. குவாரிய ஆறு மாசம் மூடினாங்க, அப்புறம் வேற ஆளு எடுத்து உச்சியெல்லாம் ஒடச்சுத் தள்ளிட்டான். நான் அதுக்குள்ள மண்ண அள்ளிட்டேன். சுவரோரம் அடுக்கி வச்சிருக்கேன் பாருங்க, அந்த டின்னெல்லாம் அதுதான்.

செகதா ஆஸ்பத்திரிக்குப் போனவதான், இந்த வீட்டுக்குத் திரும்பி வரல. தம்பியப் பாத்துக்கிறேன்னு அவன் வீட்லயே இருந்துட்டா. நான் கூப்பிடப் போனப்ப ஒரு கதை சொன்னா. வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா, உள்ள வாங்கன்னுகூடச் சொல்லல. அவன் தொட்டிய ஒடச்சுட்டுப் போனவன் மறுநாள் போதை தெளிஞ்சு வந்தானாம். இவ பல்லு போன எடத்தப் பாத்தானாம். மாமாவுக்கு நானே பூச்சி பிடிச்சுக் குடுத்துர்றேன்க்கா, கொஞ்சம் தணிவாருன்னானாம். அதுக்குத்தான் அன்னைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவ எடுத்துக்கிட்டு மேல ஏறியிருக்கான். அவனத் தூக்குன எடத்துல டப்பா கெடந்துச்சாம், ஆளுங்க கொண்டாந்து குடுத்தாங்களாம். உள்ள நாலு பூச்சி இருந்துச்சாம்.

நான் நம்பல. பிடிச்சுக் குடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லிட்டு ஏற வேண்டியதுதான? பேச்சு இல்லைன்னா என்ன, யாருகிட்டயாவது சொல்லி விடலாமில்ல? பூச்சிக்காகப் போனான்னே வச்சுக்கங்க. வெடி நாளுன்னு அவனுக்குத் தெரியாதா? துளை போட்டதே அவன்தான. அவனுக்கு அறிவு வேணும்.

அது ஆச்சு அஞ்சு வருசம். போன கார்த்திகையில நான்தான் எறங்கிப் போனேன். எனக்கும் வயசாகுதில்ல? சண்டைய எத்தன நாளைக்கு வச்சுக்கிறது. இந்த மண்ணுல பொறிச்சதுல மூணு நல்லா வந்திருந்துச்சு, முட்டையோட. ஒரு சின்ன வாளியில தண்ணியோட விட்டு, மேல துணி கட்டி, பஸ்ஸுல மடியிலயே வச்சுக்கிட்டுப் போனேன். கண்டக்டர் மீனான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

உடையப்பன் வாசல் முத்தத்துல கட்டில்ல உக்காந்திருந்தான். கூடை பின்னுறான், வயருக் கூடை. பக்கத்துல ஊன்றுகோலு சாத்தியிருந்துச்சு. என்னப் பாத்து எந்திரிக்கப் போனான், மேடம். அந்த ஒத்தக் காலோட. இருடான்னேன். செகதா உள்ளேர்ந்து வந்து கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. தண்ணி குடுத்தா, வாங்கிக் குடிச்சேன். வாளிய அவன்கிட்ட வச்சேன். துணிய அவிழ்த்துப் பாத்தான். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். விரல விட்டான், ஒண்ணு வந்து விரல மோந்துச்சு. அவன் மூஞ்சியில ஒரு சிரிப்புகூட வந்துச்சு. சரி, ஆறிருச்சுன்னு நெனச்சேன்.

அப்புறம் தலையத் திருப்பி, கேக்குற காத எம்பக்கம் வச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டான்.

"மாமா, அமுக்குறதுக்கு முன்னாடி மேல பாத்தீங்களா?"

விசில் ஊதினேன்டான்னேன். மூணு தடவ ஊதினேன், முப்பது எண்ணினேன்னேன்.

"விசில் எனக்குக் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். அதக் கேக்கல. மேல பாத்தீங்களா?"

பாத்தேன்டா, வெயிலு கண்ணுல அடிச்சுச்சு, ஒண்ணும் தெரியலன்னேன். என்ன சொல்றதுன்னு தெரியாம வாயில வந்துருச்சு மேடம். அன்னைக்கு மூட்டம். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். லாரிக்குப் பின்னாலேர்ந்து பாத்தா உச்சி நல்லாத் தெரியும். சுனைக்கரையில ஒரு ஆளு குனிஞ்சிருந்துச்சு. நீலச் சட்டை. இருபதுல பாத்தேன். இருபத்தொண்ணு, இருபத்திரண்டுன்னு எண்ணிக்கிட்டு வந்தேன், எந்திரிச்சுப் போயிருவான் போயிருவான்னு. முப்பது ஆயிருச்சு. முப்பது ஆனா அமுக்கணும். அதுதான மொறை?

நீங்க அத எழுதல இல்ல? பூச்சிய மட்டும்தான எழுதுறீங்க. சரி.

அவன் கூடைய எடுத்துப் பின்ன ஆரம்பிச்சுட்டான். செகதாதான் எறங்கி வந்தா. வாளியத் தூக்கினா. உள்ள கொண்டு போயி நெழல்ல வைக்கப் போறான்னுதான் நெனச்சேன். முத்தத்து நடுவுல கொண்டு போயிக் கவுத்துட்டா. வெறும் மண்ணுல. மல்லாக்க விழுந்து காலு அத்தனையும் ஆடுது, மூணும். கோழிங்க அங்கதான் நின்னுச்சு.

நான் எந்திரிச்சேன். கையும் எந்திரிச்சிருச்சு, பழக்கம். உடையப்பன் உக்காந்த எடத்துலேர்ந்தே ஊன்றுகோல நீட்டினான், எனக்கும் அவளுக்கும் நடுவுல. அடிக்கல. நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தான், அவ்வளவுதான்.

செகதா என்ன நேராப் பாத்தா. அந்தப் பல்லு போன எடம் இன்னும் அப்படியேதான் இருக்கு, கட்டிக்கவே இல்ல.

"உக்காந்து பாருங்க," அப்படின்னா. "பாக்குறது உங்களுக்குப் பிடிக்குமில்ல."

ஒரு கோழி ஓட்டப் பிடிச்சு ஒதறுச்சு. இன்னொண்ணு வால இழுத்துச்சு. முட்டையோட இருந்தது மேடம், அந்த மலையோட வித்து. ஒரு நிமிசம்கூட ஆகல. வாளிய எங்கிட்டக் குடுத்தா, கழுவிக்கூடக் குடுக்கல.

வாயில்லா ஜீவன் அவளுக்கு என்ன பண்ணுச்சு? மனுசங்க மேல இருக்குற கோவத்த இதுங்க மேல காட்டலாமா? இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

மேடம்? ஏன் எந்திரிச்சுட்டீங்க? டீ வரச் சொல்லியிருக்கேன். இருங்க, அந்தப் பெரியது ஓடு கழட்டப் போகுது, இப்பப் பாத்தாத்தான் உண்டு.